ஒத்திகையும் வாய்மையும்: படைவீரர் பங்கேற்ற அரசியல் ஊடக நிகழ்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

போர்க்காலத்தில் ஆட்சித் தலைவர் படைவீரர்களோடு உரையாடும் ஊடக நிகழ்வுகள் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டவை எனத் தெரியவரும்போது, அவை மக்களை ஏமாற்றுவன என்ற குற்றச்சாட்டு எழுகிறது. 2005 அக்டோபர் 13 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஈராக்கின் திக்ரித் நகரில் இருந்த படைவீரர்களோடு காணொலி வழி நடத்திய உரையாடலை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அக்குற்றச்சாட்டை ஆராய்கிறது. 2004 டிசம்பரில் குவைத்தில் நிகழ்ந்த மற்றொரு கூட்டம் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒத்திகை தன்னளவில் பிறழ உணர்த்துவதன்று. மறுத்துரைக்க இயலாத நிலையில் இருப்போரைத் தற்சார்புடைய சாட்சிகளாகக் காட்டும் நிகழ்வமைப்பே பிறழ உணர்த்துகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: ஊடக நிகழ்வு, ஒத்திகை, ஈராக் போர், சாட்சியம், நாடக வழக்கு, உலகியல் வழக்கு.

முன்னுரை

மக்களாட்சி நாடு ஒன்று போரில் ஈடுபடும்போது, அப்போர் தொடர வேண்டுமா என்பதை முடிவுசெய்யும் உரிமை இறுதியில் அந்நாட்டு மக்களுக்கே உரியது. ஆனால் போர்க்களம் அவர்களின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ளது. களத்தில் நிகழ்வதை அவர்கள் பிறர் வாய்மொழியாகவே அறிகின்றனர். அரசு கூறுவதை ஐயுறுவோர்கூடக் களத்தில் நிற்கும் படைவீரர் கூறுவதை அவ்வளவு எளிதில் ஐயுறுவதில்லை. உயிரைப் பணயம் வைத்து நிற்பவருடைய சொல்லுக்கு இயல்பாகவே ஒரு மதிப்பு உண்டு. அரசியல் தலைவர்கள் படைவீரர்கள் சூழத் தோன்ற விரும்புவதற்கான காரணமும் இம்மதிப்பே.

இத்தகைய நிகழ்வுகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தேங்கிவிடுகிறது: அது இயல்பாக நடந்ததா, ஒத்திகை பார்த்து நடத்தப்பட்டதா? ஒத்திகை என்று மெய்ப்பிக்கப்பட்டால் எதிர்ப்பாளர் வென்றதாகவும், இல்லையேல் அரசு வென்றதாகவும் கருதப்படுகிறது. இக்கேள்வி போதுமானதுதானா என்பதே இங்கு ஆராயப்படுகிறது. தவறான கேள்வியில் நிற்கும் திறனாய்வு, தான் எதிர்க்கும் காட்சிக்கே துணைபோய்விடக் கூடும் என்பதால் இவ்வாய்வு தேவையாகிறது.

திக்ரித் உரையாடல்

ஈராக்கின் புதிய அரசமைப்புச் சட்டத்தின் மீதான பொதுவாக்கெடுப்பு 2005 அக்டோபர் 15 அன்று நடைபெறவிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் வாஷிங்டனில் இருந்தவாறு குடியரசுத் தலைவர் புஷ், திக்ரித்தில் இருந்த அமெரிக்க 42ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த வீரர் சிலரோடும் ஈராக்கியப் படைவீரர் ஒருவரோடும் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே உரையாடினார். திக்ரித் சதாம் உசேனின் சொந்தப் பகுதி. சலாஹுத்தீன் மாகாணத்தின் தலைநகர். சன்னி முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இப்பகுதியிலிருந்து நம்பிக்கையூட்டும் சொற்கள் கேட்கப்படுமானால் அவற்றிற்குத் தனி எடை உண்டு.

இது குடியரசுத் தலைவர் வீரர்களோடு மனம்விட்டுப் பேசும் நிகழ்ச்சியாகவே முன்வைக்கப்பட்டது. ஆனால் நிகழ்ச்சி தொடங்குமுன்பே இணைப்பு இயங்கத் தொடங்கியிருந்தமையால், அதற்கு முந்தைய ஆயத்தங்களும் செய்தியாளரின் பார்வைக்கு வந்தன. பாதுகாப்புத் துறையின் துணை உதவிச் செயலர்களுள் ஒருவரான அலிசன் பார்பர், குடியரசுத் தலைவர் நிற்கவிருந்த இடத்தில் நின்றுகொண்டு வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். பொதுவான பாதுகாப்பு நிலை, வாக்கெடுப்புக்கான ஏற்பாடுகள், ஈராக்கியப் படைகளுக்கான பயிற்சி ஆகிய மூன்றையும் பற்றிக் கேட்கப்படும் என அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எந்தப் பொருள் பற்றிய கேள்விக்கு யார் விடை கூறுவது, ஒலிவாங்கியை யாரிடமிருந்து யாருக்குக் கைமாற்றுவது என்பன வரையறுக்கப்பட்டன. எதிர்பாராத கேள்வி ஏதேனும் வந்தால் அதை எதிர்கொள்ள வேண்டியவர் யார் என்பதும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது.

இது வெளியானதும் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஸ்காட் மெக்லெல்லனைச் செய்தியாளர்கள் வினவினர். வீரர்கள் கூறியவை அவர்களின் உள்ளத்திலிருந்து வந்தவை அல்ல என்று கருதுகிறீர்களா எனும் பொருளில் அவர் எதிர்வினா எழுப்பினார். பாதுகாப்புத் துறை தன் விளக்கத்தில், வீரர்கள் என்ன நினைக்க வேண்டும், எவ்வாறு சொல்ல வேண்டும் என்று யாரும் கற்பிக்கவில்லை என்றும், வழக்கத்திற்கு மாறான ஒரு சூழலில் அவர்கள் பதற்றமின்றிப் பேசுவதற்காகவே கேள்விகள் முன்கூட்டிச் சொல்லப்பட்டன என்றும் கூறியது.

மெக்லெல்லனின் எதிர்வினா நுணுகி நோக்கத்தக்கது. செய்தியாளர்கள் கேட்டது நிகழ்ச்சியை அமைத்தவர்களின் செயல் பற்றி. அவர் திருப்பிக் கேட்டதோ வீரர்களின் நேர்மை பற்றி. நிகழ்ச்சியைக் குறை கூறுவது வீரரைக் குறை கூறுவதாக ஆகிவிடும் என்னும் அச்சம் அவ்வினாவுக்குள் பொதிந்திருந்தது. எந்த மதிப்பு அரசின் கூற்றுக்கு வலுச்சேர்க்கக் கடன் வாங்கப்பட்டதோ, அதே மதிப்பு அரசு வினவப்பட்டபோது கேடயமாகவும் பயன்பட்டது.

ஒத்திகை தவறா?

பாதுகாப்புத் துறையின் விளக்கத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. செயற்கைக்கோள் வழிப் பேச்சில் ஒலி வந்துசேரச் சற்றுத் தாமதமாகும். நாட்டுத் தலைவர் முன்னிலையில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், பழக்கமில்லாத ஒருவர் நாத்தடுமாறுவது இயல்பு. ஒலிவாங்கி யார் கையில் இருக்க வேண்டும் என்று முன்னரே முடிவுசெய்வதில் வஞ்சகம் ஏதும் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருபவரையும் வழக்கறிஞர் முன்கூட்டியே சந்தித்து, என்ன கேட்கப்படலாம் என்று விளக்கி ஆயத்தப்படுத்துகிறார். அமெரிக்க நீதிமுறையில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். இதனால் மட்டும் அச்சாட்சியம் பொய்யாகிவிடுவதில்லை.

ஆயினும் இவ்வொப்புமை அரசுத் தரப்புக்கு முழுமையாக உதவுவதில்லை. ஆயத்தப்படுத்தப்பட்ட சாட்சியை நீதிமன்றம் ஏற்பதற்குக் காரணம், அச்சாட்சி குறுக்கு விசாரணைக்கு உட்படுகிறார் என்பதே. எதிர்த்தரப்பு எழுந்து, இவ்வாறு கூறுமாறு உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கலாம். வேறு சாட்சிகளை அழைக்கலாம். சொல்லாமல் விட்டதைச் சொல்லவைக்கலாம். ஒத்திகையால் விளையக்கூடிய தீங்கைக் குறுக்கு விசாரணை ஈடுசெய்கிறது. திக்ரித் நிகழ்ச்சியில் ஒத்திகை இருந்தது. குறுக்கு விசாரணை இல்லை. கேட்டவர் ஒருவரே, அவர் அப்போரைத் தொடங்கியவர், விடை கூறியோருக்கு அவரே தலைமைத் தளபதி.

ஆகவே ஒத்திகை நடந்ததா என்பதைவிட, ஒத்திகையின் விளைவைத் திருத்தக்கூடிய ஏதேனும் அந்நிகழ்ச்சியில் இடம்பெற்றிருந்ததா என்பதே கேட்கத்தக்கது.

உண்மையான சொல்லும் பிறழ உணர்த்தும் காட்சியும்

பொய்யுரைத்தலும் பிறழ உணர்த்துதலும் ஒன்றல்ல. பொய் ஒரு கூற்றின் பண்பு. பிறழ உணர்த்துதல் கூற்றுகள் அடுக்கப்பட்டுள்ள முறையின் பண்பு. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கையிலேயே, அவை சேர்ந்து கேட்பவர் உள்ளத்தில் உண்மைக்கு மாறான எண்ணத்தை உண்டாக்க முடியும். திக்ரித் உரையாடலில் இடம்பெற்ற இரு கூற்றுகள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது, வாக்கெடுப்பு பற்றியது. தம்மோடு பணியாற்றும் ஈராக்கியப் படை அதிகாரி நகர மக்களிடம் பேசியதாகவும், மக்கள் வாக்களிக்க ஆயத்தமாகவும் ஆர்வமாகவும் உள்ளதாக அவர் தம்மிடம் சொன்னதாகவும் அமெரிக்க அதிகாரி ஒருவர் குடியரசுத் தலைவரிடம் கூறினார். மக்கள் ஈராக்கிய அதிகாரியிடமும், அவர் அமெரிக்க அதிகாரியிடமும், இவர் குடியரசுத் தலைவரிடமும் கூறிய இச்செய்தி மூன்றாம் கைக்கு வந்த பிறகே தொலைக்காட்சி பார்ப்போரை அடைகிறது. எனினும் இக்கூற்று பொய்யன்று. சலாஹுத்தீன் மாகாண மக்கள் உண்மையிலேயே ஆர்வத்தோடு வாக்களித்தனர். ஆனால் அவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கும் மேற்பட்டோர் அந்த அரசமைப்பு வேண்டாம் என்று வாக்களித்தனர். அன்பார் மாகாணத்தில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் எதிர்த்தனர். மூன்று மாகாணங்களில் மூன்றில் இரு பங்கினர் எதிர்த்தால் அரசமைப்பு வீழ்ந்துவிடும் என்பது விதி. நினெவே மாகாணத்தில் எதிர்வாக்குகள் 55 விழுக்காட்டளவில் நின்றமையால் மட்டுமே அது தப்பியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 78 விழுக்காட்டு ஆதரவோடு அரசமைப்பு நிறைவேறியது.

வாக்களிக்கும் ஆர்வம் என்னும் சொல்லை அமெரிக்கப் பார்வையாளர் எவ்வாறு புரிந்துகொண்டிருப்பார்? புதிய அமைப்பை அம்மக்கள் வரவேற்கின்றனர் என்றே புரிந்துகொண்டிருக்க வாய்ப்புண்டு. உண்மையில் அவ்வார்வம் புதிய அமைப்பைத் தடுத்து நிறுத்தும் ஆர்வம். அந்த அதிகாரிக்கு இது தெரிந்திருந்தது என்றோ, அவர் மறைத்தார் என்றோ கூறுவதற்கு இடமில்லை. எதற்காக ஆர்வம், ஏற்கவா, எதிர்க்கவா என்ற ஒரு கிளைக்கேள்வி எழுந்திருந்தால் போதும், உண்மை வெளிப்பட்டிருக்கலாம். அக்கேள்வியை எழுப்பக்கூடிய ஒருவருக்கும் அந்நிகழ்ச்சியில் இடம் இல்லை.

இரண்டாவது கூற்று ஈராக்கியப் படைகளின் திறன் பற்றியது. கடந்த பத்து மாதங்களில் அப்படைகளின் ஆற்றலும் தன்னம்பிக்கையும் பெரிதும் வளர்ந்துள்ளன என்று மற்றொரு வீரர் கூறினார். இதனையும் அவர் தம் அனுபவத்திலிருந்தே கூறியிருக்கக் கூடும். ஆனால் அதற்கு இரு வாரங்களுக்கு முன், 2005 செப்டம்பர் 29 அன்று, ஈராக்கில் படைத்தலைமை ஏற்றிருந்த ஜெனரல் ஜார்ஜ் கேசி அமெரிக்கச் செனட் அவையின் படைத்துறைக் குழுமுன் விடையளித்திருந்தார். அமெரிக்கர் துணையின்றித் தாமே போரிட வல்ல ஈராக்கியப் பட்டாலியன்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது என்பது அங்கு வெளிப்பட்டது. அமெரிக்கத் துணையோடு போரிடக்கூடிய பிரிவுகள் மிகுந்து வருவதையும் அவர் அங்கே விளக்கினார். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் நிலைமையின் முழுவடிவம் புலப்படுகிறது.

இவ்விரு அரங்குகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். செனட் குழுமுன் வந்த ஜெனரலும் ஆயத்தத்தோடுதான் வந்தார். அவருக்கும் உதவியாளர்கள் குறிப்புகள் தந்திருப்பர். கேட்கப்படக்கூடியவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருப்பார். ஆயினும் எதிர்க்கட்சியினரும் அமர்ந்திருந்த அந்த அவையில் விரும்பத்தகாத ஓர் எண் வெளிவந்தது. திக்ரித் உரையாடலில் அதே பொருள் பேசப்பட்டும் அவ்வெண் எழவில்லை. இரண்டிலும் ஆயத்தம் உண்டு. ஒன்றில் மட்டுமே வினவுவோரின் சுதந்திரம் உண்டு.

படைவீரரின் நிலை

படைவீரர் சாட்சியாக நிறுத்தப்படும்போது மற்றொரு சிக்கலும் எழுகிறது. ஏனைய குடிமக்களுக்கு உள்ள மறுப்புரிமை சீருடையில் இருக்கும் வீரருக்கு அவ்வளவில் இல்லை. அமெரிக்கப் படைத்துறை நீதிச் சட்டத்தொகுப்பின் 88ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவரை இழிவுபடுத்தும் சொற்களைக் கூறும் அதிகாரி தண்டனைக்கு உரியவர். பணியிலிருக்கும் வீரர்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதும் விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இக்கட்டுப்பாடுகளுக்குத் தக்க காரணம் உண்டு. படை கட்சி சாராது நிற்க வேண்டும், குடிமை ஆட்சிக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பது மக்களாட்சியின் அடிப்படை நெறிகளுள் ஒன்று.

ஆனால் இந்நெறியின் மறுபக்கம் ஒன்றும் உண்டு. எவரால் ஆட்சித் தலைவரை மறுத்துப் பேச இயலாதோ, அவர் ஆமென்று கூறுவதைக் கருத்தொப்புதலாகக் காட்டக் கூடாது. இல்லை என்று சொல்லும் வாய்ப்பு இருக்கும்போதுதான் ஆம் என்பதற்குப் பொருள் உண்டு. போர் சரியான பாதையில் செல்கிறதா என்பது அன்றைய அமெரிக்காவின் தலையாய அரசியல் வினா. அக்டோபர் இறுதிக்குள் ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 2,000-ஐ எட்டியது. அத்தகைய நேரத்தில், மேலதிகாரியின் முன்னிலையில், அம்மேலதிகாரியின் கொள்கை பற்றி, அவருக்குக் கீழ்ப்பட்டவரிடம் கேட்டுப் பெறும் விடை எத்தகைய சான்றாகும்? அரசியலிலிருந்து காக்கப்பட வேண்டிய வீரர் இங்கு அரசியலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார். பேசிய வீரர்களுக்கும் இது இழப்பே. உள்ளத்தோடு அவர்கள் சொன்ன சொற்கள்கூட, ஒத்திகை வெளிப்பட்ட பின் கற்றுக்கொடுக்கப்பட்டவையாகக் கருதப்பட்டன. அவர்களின் நம்பகத்தன்மையைக் கடன் வாங்கியவர்கள் அதனைத் தேய்த்தே திருப்பித் தந்தனர்.

எதிர்மறைச் சான்று: குவைத், 2004

ஒத்திகையே குற்றம் என்னும் கருத்தை மறுக்க வல்ல நிகழ்வு ஒன்று பத்து மாதங்களுக்கு முன்னரே நடந்தது. 2004 டிசம்பர் 8 அன்று பாதுகாப்புச் செயலர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு, குவைத்தில் உள்ள பியூரிங் முகாமில் ஏறத்தாழ 2,300 வீரர்கள் கூடிய கூட்டத்தில் பேசினார். ஈராக்கிற்குப் புறப்படவிருந்த டென்னசி தேசியக் காவல்படை வீரர் ஒருவர் எழுந்து, எங்கள் வண்டிகளுக்குக் கவசமாகப் பொருத்துவதற்குக் குப்பைமேடுகளில் பழைய இரும்பைத் தேடி எடுக்கும் நிலையில் நாங்கள் இருப்பது ஏன் எனும் கருத்தில் கேட்டார். கூடியிருந்த வீரர்கள் ஆரவாரித்தனர். விரும்பும் படையைக் கொண்டல்ல, இருக்கும் படையைக் கொண்டே போருக்குச் செல்ல நேர்கிறது என்னும் பொருளில் ரம்ஸ்ஃபெல்டு அளித்த விடை நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

அப்படையோடு பயணம் செய்த டென்னசி நாளிதழ்ச் செய்தியாளர் ஒருவர் வீரர்களோடு சேர்ந்து அக்கேள்வியை வடிவமைத்தார் என்பது பின்னர் வெளிவந்தது. அக்கூட்டத்தில் செய்தியாளர் கேள்வி கேட்க இடமில்லை. வீரர்கள் மட்டுமே கேட்கலாம். எனவே அவர் அவர்களின் வழியே கேட்கச் செய்தார். உடனே, இது தன்னியல்பான கேள்வியன்று, பத்திரிகையாளர் புகுத்தியது என்று அரசின் ஆதரவாளர்கள் சாடினர். பத்து மாதங்கள் கழித்துப் புஷ்ஷின் எதிர்ப்பாளர்கள் கையாண்ட அதே வாதம் இது.

இவ்விரு நிகழ்வுகளிலும் ஒத்திகை உண்டு. குவைத்தில் கேள்வி முன்கூட்டி எழுதப்பட்டது. திக்ரித்தில் விடையளிப்போர் முன்கூட்டி வரிசைப்படுத்தப்பட்டனர். விளைவோ முற்றிலும் வேறு. கவசமில்லா வண்டிகள் என்பது உண்மை. அதை அறிந்த வீரர் அதைச் சொன்னார். அதைக் கேட்க விரும்பாத மேலதிகாரி அனைவர் முன்னிலையிலும் விடை கூற வேண்டியதாயிற்று. சில நாள்களுக்குள் கவச வண்டிகளின் மாத உற்பத்தியை 450-இலிருந்து 550-ஆக உயர்த்தும் நடவடிக்கை தொடங்கியது. ஒத்திகை இங்கே மறைந்திருந்த உண்மையை வெளிக்கொணரும் கருவியாகப் பயன்பட்டது.

ஆகவே ஒத்திகை என்னும் அளவுகோலை மட்டும் கொண்டால் இவ்விரண்டையும் ஒன்றாகவே தள்ள வேண்டியிருக்கும். அதிகாரத்தில் இருப்பவர் தம் கீழ்ப்பட்டோரின் விடையை ஒழுங்குபடுத்துவதும், கீழ்ப்பட்டவர் தம் மேலதிகாரியிடம் கேட்கத் தம் கேள்வியைச் செப்பம் செய்துகொள்வதும் ஒன்றாகா. செய்தியாளர் தம் பங்கை அன்றே வெளிப்படுத்தியிருந்தால் அது இன்னும் சிறந்திருக்கும் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் அது வெளிப்படைத்தன்மை பற்றிய குறை. உள்ளடக்கத்தின் உண்மை பற்றிய குறையன்று.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

இவ்வேறுபாட்டைக் கோட்பாட்டளவில் விளக்க, வரலாற்றறிஞர் டேனியல் பூர்ஸ்டின் 1960களின் தொடக்கத்தில் முன்வைத்த போலிநிகழ்வு என்னும் கருத்து அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. செய்தியாக்கப்பட வேண்டும் என்பதற்காகவே திட்டமிட்டு உண்டாக்கப்படும் நிகழ்வுகளை அவர் அவ்வாறு வகைப்படுத்தினார். எர்விங் கோஃப்மன் சமூக வாழ்வில் முன்னரங்கு, பின்னரங்கு என்று பிரித்துக் காட்டியதும் இங்குப் பொருந்தும். திக்ரித்தில் பின்னரங்கின் திரை தற்செயலாக விலகியது. இக்கருத்துகள் பயனுள்ளவையே. எனினும் இவை எல்லா அரங்கேற்றங்களையும் ஏறத்தாழ ஒரே தட்டில் வைக்கின்றன. எந்த அரங்கேற்றம் தீங்கற்றது, எது தீங்கானது எனப் பிரித்தறிய இவை போதுமான துணை செய்வதில்லை.

இவ்விடத்தில் தொல்காப்பியம் அகத்திணைப் பாடலுக்கு வகுத்த நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பாகுபாடு உதவுகிறது. வெவ்வேறிடங்களில் நிகழக்கூடிய சுவையான கூறுகளை ஓரிடத்து நிகழ்ந்தனவாகப் புனைந்து தொகுப்பது நாடக வழக்கு என இளம்பூரணர் விளக்குகிறார். உலகோர் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு. இலக்கியத்தில் இவ்விரண்டும் கலந்தே வரும், அக்கலப்பு குற்றமன்று. கற்போர் புலனெறி வழக்கத்தை அறிந்தே பாடலை அணுகுகின்றனர். எது புனைவு என்பது புலவருக்கும் கற்போருக்கும் இடையே உள்ள வெளிப்படையான உடன்பாடு.

அரசியல் நிகழ்வுகளிலும் அத்தகைய உடன்பாடு உள்ளவை உண்டு. அணிவகுப்பு, பதக்கம் வழங்கும் விழா, நினைவஞ்சலி ஆகியன நாடக வழக்கைச் சார்ந்தவை. அணிவகுப்பு ஒத்திகை பார்க்கப்பட்டது என்று எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை. 2003 நவம்பரில் பாக்தாத்தில் நன்றியறிதல் நாளன்று புஷ் வான்கோழித் தட்டை ஏந்தி நின்ற படம் வெளியாயிற்று. அந்த வான்கோழி அலங்காரத்திற்கு வைக்கப்பட்டது, வீரர்களுக்கு வேறு தட்டுகளிலிருந்தே உணவு பரிமாறப்பட்டது என்று பின்னர்ச் செய்தி வந்தது. அது சற்று நகைப்புக்குரியது. ஆயினும் அதனால் போர் பற்றி மக்கள் தவறான முடிவுக்கு வந்திருக்க இயலாது. 2003 மே 1 அன்று ஆபிரகாம் லிங்கன் கப்பலில், பணி நிறைவேறியது என்னும் பதாகையின் கீழ் அவர் ஆற்றிய உரை அத்தகையதன்று. விழாக்கோலம் பூண்ட அக்காட்சி, போர் முடிந்துவிட்டது என்னும் மெய்ம்மைக் கூற்றை ஏந்தி நின்றது. அக்கூற்றைப் பின்வந்த ஆண்டுகள் பொய்யாக்கின.

திக்ரித் உரையாடல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அது நாடக வழக்கின் முறையில் அமைக்கப்பட்டு, உலகியல் வழக்கின் பெயரால் முன்வைக்கப்பட்டது. சுவையான கூறுகள் ஓரிடத்தே தொகுக்கப்பட்டன. அத்தொகுப்பு, களத்தில் உள்ளபடி உள்ள செய்தியாகக் காட்டப்பட்டது. இத்தகைய வழக்கு மயக்கமே பிறழ உணர்த்துதலின் உயிர்நிலை.

பாசறைக்குச் செல்லும் தலைவனின் காட்சி தமிழுக்குப் புதிதன்று. நெடுநல்வாடையின் இறுதியில், நள்ளிரவிலும் துயிலாத வேந்தன் சிலரோடு சென்று புண்பட்ட வீரரைக் காண்கிறான். முன்செல்பவன் ஒவ்வொருவராகக் காட்டிச் செல்கிறான். இதுவும் புலவரால் தெரிந்தெடுத்துக் கோக்கப்பட்ட காட்சியே. வேந்தனுக்குப் பெருமை சேர்ப்பதும்கூட. ஆனால் அங்கு வீரர்கள் வேந்தனின் போர் சரியானது என்று சான்றுரைக்க அழைக்கப்படவில்லை. அவன் அவர்களின் புண்ணைக் காணச் செல்கிறான். அவர்களின் சொல்லைப் பயன்படுத்தச் செல்லவில்லை.

எதிர்வாதங்கள்

அரசியல் நிகழ்வுகள் அமைக்கப்பட்டவை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே எவரும் ஏமாறுவதில்லை என்று கூறுவோர் உண்டு. அவ்வாறாயின், நிகழ்ச்சியை உரையாடல் என்று அழைக்க வேண்டிய தேவையும், ஒத்திகை வெளிப்பட்டபோது விளக்கம் கூற வேண்டிய தேவையும் எழுந்திரா. எல்லா நிகழ்ச்சிகளும் ஓரளவு அமைக்கப்பட்டவை எனப் பொதுவாக அறிந்திருப்பது வேறு. இக்குறிப்பிட்ட விடை எவ்வாறு உருவாயிற்று என்று அறிவது வேறு. முன்னது இருப்பதால் பின்னது தேவையற்றதாகிவிடாது.

களத்தில் நிகழும் நல்லவற்றை ஊடகங்கள் புறக்கணிப்பதால் அரசு அவற்றைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டியுள்ளது என்பது மற்றொரு வாதம். அரசுக்கு அவ்வுரிமை உண்டு. குடியரசுத் தலைவர் தம் பெயரில் உரையாற்றி, தாம் கண்ட முன்னேற்றங்களைப் பட்டியலிடலாம். அப்போது கேட்போர் அதை அரசின் கூற்றாகவே எடைபோடுவர். அதே கூற்றை வீரரின் வாயிலாகச் சொல்லவைக்கும்போது சொல்பவர் மாறுகிறார், பொறுப்பு மாறுவதில்லை. அப்பொறுப்பு மறைக்கப்படுவதே குறை.

ஊடகங்களின் பங்கும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒத்திகைக் காட்சி கைக்குக் கிடைத்ததும் விவாதம் பெரிதும் ஒலிவாங்கி கைமாறிய விதத்தையே சுற்றிவந்தது. அது கண்ணால் காணக்கூடியது, எளிதில் நகைக்கக்கூடியது. வீரர்கள் கூறியவற்றைச் செனட் சாட்சியத்தோடும், இரு நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பின் மாகாண முடிவுகளோடும் பொருத்திப் பார்ப்பது கடினம். ஆனால் அதுவே தேவையானது. மேடை ஏற்பாட்டை அம்பலப்படுத்துவதோடு நின்றுவிடும் திறனாய்வு, நிகழ்ச்சியை அமைத்தவர்களைப் போலவே, பார்வையாளரின் கண்ணை மேடையிலேயே நிறுத்திவிடுகிறது.

முடிவுரை

ஒத்திகை பார்க்கப்பட்ட நிகழ்வு என்பதனாலேயே ஒன்று பிறழ உணர்த்துவதாகிவிடாது. படைவீரர் பங்கேற்கும் அரசியல் ஊடக நிகழ்வுகளை மதிப்பிட மூன்று வினாக்களை இவ்வாய்வு முன்வைக்கிறது. பேசுவோரைத் தெரிந்தெடுத்தவர் யார், அத்தெரிவு பார்வையாளருக்குச் சொல்லப்பட்டதா? பேசுவோருக்கு மாறுபட்டுப் பேசும் வாய்ப்போ, பேச மறுக்கும் வாய்ப்போ இருந்ததா? விழாவாக அமைந்தது விழாவாகவும், சாட்சியமாக அமைந்தது சாட்சியமாகவும் முன்வைக்கப்பட்டனவா?

இவ்வினாக்களுக்கு முன் அணிவகுப்பு தேறிவிடும். குவைத் கூட்டம் முதல் வினாவில் குறைபட்டாலும் இரண்டாவதில் வலுவாக நிற்கும். திக்ரித் உரையாடல் மூன்றிலும் தவறுகிறது. அங்குப் பேசிய வீரர்கள் பொய் சொன்னார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அவ்வாறு கருத வேண்டிய தேவையும் இல்லை. அவர்களின் உண்மையான சொற்களைக் கொண்டே, உள்ள நிலையிலிருந்து விலகிய ஒரு காட்சி கட்டப்பட்டது.

வாக்களிக்க ஆர்வமாக இருப்பதாகச் சொல்லப்பட்ட திக்ரித் மக்கள், இரண்டு நாள் கழித்துத் தம் கருத்தைத் தாமே கூறினர். யாரும் அவர்களுக்கு ஒலிவாங்கி நீட்டவில்லை. வாக்குச்சீட்டு ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. அவ்விடையை முன்கூட்டியே அறியும் வாய்ப்பு அமெரிக்க மக்களுக்கு இருந்தது. வினா எழுப்பும் உரிமை ஒருவருக்கே உரியதாக அமைக்கப்பட்ட நிகழ்ச்சியில் அவ்வாய்ப்பு நழுவியது.